தும்பும் வாலும்: நிப்பா கற்பித்த பாடம்

‘தும்பை விட்டு வாலைப் பிடிப்பது போல’ என்று நம் முன்னோர் கூறுவர். மாட்டைக் கட்டுப்படுத்துவது அதன் கழுத்தில் உள்ள கயிறு. அதுவே தும்பு. அந்தக் கயிற்றைக் கைநழுவ விட்டுவிட்டு, ஓடும் மாட்டின் வாலைப் பிடிக்கப் போனால் உதைதான் கிடைக்கும்; மாடும் நிற்காது. செய்ய வேண்டிய வேலையைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்யாமல், பின்னர் பெரும்பாடு படுவதை இத்தொடர் உணர்த்துகிறது. இதன் பொருளை நம் நாடு மிகக் கடுமையான விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. கால்நடைகளையும் மனிதர்களையும் ஒருசேரத் தாக்கிய அப்பேரிடர், நம் பேராக் மாநிலத்தில்தான் தொடங்கியது.

தம்புனில் தொடங்கிய நோய்

ஈப்போ நகருக்குச் சற்றுக் கிழக்கே அமைந்துள்ள ஊர் தம்புன். சுண்ணாம்புக் குன்றுகளும் வெந்நீர் ஊற்றுகளும் பம்பளிமாசுப் பழத் தோட்டங்களும் அவ்வூரின் அடையாளங்கள். கிந்தா மாவட்டத்தின் பல பகுதிகளைப் போலவே இங்கும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள், பழத்தோட்டங்கள், கால்நடைப் பண்ணைகள் ஆகியவை அடுத்தடுத்து அமைந்திருந்தன. 1990களில் இவ்வட்டாரத்தில் பன்றி வளர்ப்புப் பெருந்தொழிலாக வளர்ந்திருந்தது. ஆயிரக்கணக்கான பன்றிகளைக் கொண்ட பண்ணைகள் பல இருந்தன. ஒரே பண்ணையில் ஏறத்தாழ 30,000 பன்றிகள் வளர்க்கப்பட்டதும் உண்டு.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், இப்பகுதியைச் சேர்ந்த பண்ணைத் தொழிலாளர் சிலர் கடும் காய்ச்சல், தலைவலி, மயக்கம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் நினைவிழந்தனர், சிலர் உயிரிழந்தனர். மூளை வீக்கமே இதற்குக் காரணம் என மருத்துவர்கள் கண்டனர். ஆனால், அவ்வீக்கத்தை உண்டாக்கிய கிருமி எது?

அன்றைய நிலையில் முதலில் நினைவுக்கு வந்தது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்நோய் மலேசியாவுக்குப் புதிதன்று. இதன் கிருமி பன்றியின் உடலில் பெருகும். கொசுவின் வழி மனிதருக்குப் பரவும். நோய் கண்ட இடத்தில் பன்றிப் பண்ணைகள் இருந்தன; கொசுக்களும் இருந்தன. நோயாளிகள் சிலரின் இரத்தப் பரிசோதனையிலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான அடையாளம் தென்பட்டது. எனவே, கொசு ஒழிப்புக்காகப் புகையடிக்கப்பட்டது. மக்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. தெரிந்த நோய்க்குத் தெரிந்த மருத்துவம் செய்யப்பட்டது. அந்தச் சூழலில் அது பொருத்தமான நடவடிக்கையாகவே தோன்றியது. ஆயினும், நோய் அடங்கவில்லை.

சேராத துண்டுகள்

பல துண்டுகளைச் சேர்த்து ஒரு படத்தை உருவாக்கும் விளையாட்டை நாம் அறிவோம். எல்லாத் துண்டுகளும் ஒரே மேசையில் இருந்தால்தான் படம் முழுமை பெறும். ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு வெவ்வேறு அறைகளில் அமர்ந்திருந்தால் யாருக்கும் படம் தெரியாது. 1998ஆம் ஆண்டு இறுதியில் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்கும் நோய். ஆனால், ஈப்போவில் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதிலிருந்த ஆண்கள். இது மருத்துவர்கள் கையிலிருந்த துண்டு.

கொசு யாரையும் கடிக்கும். பன்றியோடு நெருங்கிப் பழகியவர் எவர், பழகாதவர் எவர் என்று அது பார்ப்பதில்லை. ஆனால், இந்நோய் பன்றிகளைத் தொட்டு வேலை செய்தவர்களையே பெரும்பாலும் தாக்கியது. இது பண்ணைக் குடும்பங்களுக்குத் தெரிந்த துண்டு.

தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிலும் சிலர் நோயுற்றனர். இது சுகாதாரப் பணியாளர் கையிலிருந்த துண்டு.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி வளர்ந்த பன்றிகளுக்கு நோயைக் காட்டுவது அரிது. ஆனால், இப்பண்ணைகளில் பன்றிகள் மூச்சிரைத்தன. தொலைவுக்குக் கேட்கும்படி உரத்த ஒலியுடன் இருமின. சில நடுங்கித் தள்ளாடின. அவற்றுள் இறந்தவை சிலவே என்பதால், இது பன்றிகளுக்கு வழக்கமாக வரும் சளி நோய் என்றே பலரும் எண்ணினர். இது கால்நடைத் துறையினர் கையிலிருந்த துண்டு.

இத்துண்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் ஐயம் பிறந்திருக்கும்: நோயுற்ற பன்றியும் நோயுற்ற மனிதனும் ஒரே கிருமியின் இரு சாட்சிகளாக இருக்கலாம், நோய் கொசுவால் அன்றிப் பன்றியிடமிருந்தே நேராகப் பரவலாம். அவ்வாறாயின், புகையடிப்பதைவிடப் பன்றிகளை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்குக் கொண்டுசெல்வதைத் தடுப்பதே முதல் வேலை. தும்பு அங்கேதான் இருந்தது.

தும்பு நழுவியது

நோய் பற்றிய அச்சம் பரவியதும், கிந்தா வட்டாரப் பண்ணையாளர் சிலர் தங்கள் பன்றிகளை மலிவான விலைக்கு விற்கத் தொடங்கினர். அவற்றை ஏற்றிய லாரிகள் பிற மாநிலங்களுக்குச் சென்றன. பன்றிகளோடு நோயும் பயணம் செய்தது. 1998ஆம் ஆண்டு டிசம்பரில் நெகிரி செம்பிலானில் சிரம்பானை அடுத்த சிக்காமட் பகுதியில் மக்கள் நோயுற்றனர். பின்னர், நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளில் ஒன்றான புக்கிட் பெலாண்டோக்கில் நோய் காட்டுத்தீயாய்ப் பரவியது. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரிலும் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். அவர்கள் மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்டவர்கள்.

பண்ணையாளர்களை மட்டும் குறை கூறுவது எளிது. ஆனால், அவர்கள் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டு உழைப்பும் வங்கிக் கடனும் அந்தக் கொட்டகைகளில் முடங்கியிருந்தன. ‘கொசுவால் வரும் நோய்’ என்று சொல்லப்பட்டதால், பன்றியை விற்பதில் தீங்கு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. விற்காமல் வைத்திருந்தால் இழப்பை யார் ஈடுசெய்வார் என்ற கேள்விக்கும் அப்போது விடை இல்லை. தெளிவான செய்தியும் இழப்பீட்டு உறுதியும் இல்லாத இடத்தில், ஒவ்வொருவரும் தத்தம் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ளவே முயல்வர். அம்முயற்சியே ஊரைக் கெடுக்கும் நிலை வரலாம். பேரிடர் நிர்வாகத்தில் அரசாங்கம் முந்திக்கொண்டு செயல்பட வேண்டியதன் காரணம் இதுவே.

உண்மை வெளிப்பட்டது

1999ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிருமியியல் வல்லுநர் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்தபோது, அக்கிருமி உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிய கட்டிகளாக்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி இவ்வாறு செய்வதில்லை. மேலாய்வுக்காக அவர் அம்மாதிரியை அமெரிக்காவிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்திற்குக் கொண்டுசென்றார். அங்கு மின்னணு நுண்ணோக்கியின் வழி பார்த்தபோது, அது உலகம் அதுவரை அறியாத புதிய கிருமி என்பது தெரிந்தது. 1994ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் அவற்றின் பயிற்றுநரையும் கொன்ற ஹென்ரா கிருமிக்கு அது நெருங்கிய உறவு. மாதிரியை அளித்த நோயாளியின் ஊர் சுங்கை நிப்பா. எனவே, கிருமிக்கு ‘நிப்பா’ என்று பெயரிடப்பட்டது.

கிருமியின் பெயர் தெரிந்தவுடன் செய்ய வேண்டிய பணிகளும் தெளிவாயின. எதிரி கொசு அன்று; நோயுற்ற பன்றியின் மூச்சும் எச்சிலும் சிறுநீருமே. எனவே, பன்றியையும் மனிதனையும் பிரிக்க வேண்டும். பன்றிகளை நடமாடவிடாமல் நிறுத்த வேண்டும்.

ஒரே மேசையில் அனைவரும்

இம்முறை துறைகள் தனித்தனியாகச் செயல்படவில்லை. அமைச்சரவை நிலையில் ஒரு செயற்குழு அமைக்கப்பட்டது. சுகாதார அமைச்சும் விவசாய அமைச்சின் கீழிருந்த கால்நடைத் துறையும் தகவல்களைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு பொறுப்பு இருந்தது.

கால்நடைத் துறை நோய்ப் பகுதிகளை வரையறுத்தது. எந்தப் பண்ணைகளை மூடுவது என்று தீர்மானித்தது. சுகாதாரத் துறை நோயாளிகளைக் கவனித்தது. பண்ணைப் பணியாளர்க்குத் தற்காப்பு முறைகளை எடுத்துரைத்தது. காவல் துறையினர் பன்றிகளை ஏற்றிச் செல்லும் வாகனங்களைத் தடுத்தனர். நோய்ப் பகுதியிலிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இராணுவ வீரர்கள் பாதுகாப்பு உடையணிந்து பன்றிகளை அழித்துக் குழிகளில் புதைத்தனர். ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வல்லுநர்களும் துணைபுரிந்தனர்.

1999ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரை, ஏறத்தாழ 900 பண்ணைகளில் ஏறத்தாழ 9 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. இத்துடன் பணி முடியவில்லை. நோய் வேறெங்கும் ஒளிந்திருக்கிறதா என்று அறிய நாடு முழுவதும் பன்றிகளின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. ஆஸ்திரேலிய ஆய்வுக்கூடம் உருவாக்கித் தந்த பரிசோதனை முறை இதற்குக் கைகொடுத்தது. 1948ஆம் ஆண்டு முதல் ஈப்போவில் இயங்கிவரும் கால்நடை மருத்துவ ஆய்வுக் கழகம் இப்பணியில் முக்கியப் பங்காற்றியது. ஒவ்வொரு பண்ணையும் ஒருமுறைக்கு இருமுறை சோதிக்கப்பட்டது. மேலும் 50 பண்ணைகளில் நோயின் தடயம் காணப்பட்டு, அங்கிருந்த பன்றிகளும் அழிக்கப்பட்டன. மொத்தத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

1999ஆம் ஆண்டு மே மாதத்திற்குள் மனிதரிடையே நோய் அடங்கியது. அதன்பின் இன்றுவரை மலேசியாவில் நிப்பா நோய் மனிதரைத் தாக்கவில்லை. ஒருங்கிணைந்த நடவடிக்கையின் பயன் இது. ஆனால், அதற்குள் 265 பேர் நோயுற்றிருந்தனர். அவர்களுள் 105 பேர் உயிரிழந்திருந்தனர். உயிர்பிழைத்தோரிலும் பலர் நீண்டகால நரம்புக் கோளாறுகளால் அவதியுற்றனர். நாட்டின் பன்றிப் பண்ணைகள் 1,885இலிருந்து 829ஆகக் குறைந்தன. தீவனக் கடைக்காரர், லாரி ஓட்டுநர், பண்ணைக் கூலியாட்கள் எனப் பண்ணைகளை நம்பியிருந்த பலரும் வருமானம் இழந்தனர். அரசாங்கம் இழப்பீடு வழங்கியது. என்றாலும், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் உழைப்புக்கு அது முழு ஈடாகுமா?

வௌவாலும் பழமரமும்

கிருமி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எஞ்சியது. பழந்தின்னி வௌவால்களின் உடலில் இக்கிருமி இயற்கையாகவே வாழ்கிறது என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தனர். அக்கிருமி வௌவாலுக்குத் தீங்கு செய்வதில்லை.

தம்புன் வட்டாரத்தில் நோய் தொடங்கியதாகக் கருதப்படும் பண்ணையில், பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள் நடப்பட்டிருந்தன. பழம் தின்ன வந்த வௌவால்கள் கடித்துப் போட்ட மிச்சமும் அவற்றின் எச்சமும் கொட்டகைக்குள் விழுந்திருக்கும். அவற்றைத் தின்ற பன்றிகளுக்குக் கிருமி தொற்றியிருக்கும். சிறு பண்ணையாக இருந்திருந்தால், நோய் சில பன்றிகளோடு ஓய்ந்திருக்கலாம். ஆனால், புதிய குட்டிகள் ஓயாது பிறந்துகொண்டிருக்கும் பெரும் பண்ணையில், கிருமிக்குத் தங்கவும் பெருகவும் இடம் கிடைத்தது.

நிலத்திலிருந்து இருவகை வருமானம் பெற எண்ணிப் பண்ணையாளர் மரம் நட்டது குற்றமன்று. பழமரத்தைப் பற்றி அறிந்தவர் விவசாயத் துறையில் இருந்தார். பன்றியைப் பற்றி அறிந்தவர் கால்நடைத் துறையில் இருந்தார். வௌவாலைப் பற்றி அறிந்தவர் வனவிலங்குத் துறையில் இருந்தார். மூன்றையும் ஒருசேர நோக்கும் கண் அன்று இல்லை. இன்று பன்றிக் கொட்டகைகளுக்கு அருகில் பழமரம் வளர்ப்பது தவிர்க்கப்படுகிறது. மனித நலம், விலங்கு நலம், சுற்றுச்சூழல் நலம் மூன்றும் ஒன்றே என்னும் ‘ஒரே நலம்’ கொள்கையை உலக நாடுகள் பேசும்போது, நிப்பாவை எடுத்துக்காட்டாகக் கூறுவது இதனால்தான்.

வங்காளதேசத்தில் 2001ஆம் ஆண்டு முதல் இந்நோய் அடிக்கடி தலைகாட்டுகிறது. அங்கே பன்றி இடையில் வருவதில்லை. இரவில் ஈச்சமரத்தில் கட்டிய கலயங்களில் வடியும் பதநீரை வௌவால்கள் வந்து நக்குகின்றன. அதைக் காய்ச்சாமல் குடிப்போர் நோயுறுகின்றனர். 2018ஆம் ஆண்டு மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டிலும் நிப்பா தோன்றியது. அங்கு நோயின் பெயர் சில நாள்களிலேயே கண்டறியப்பட்டது. நோயாளிகளுடன் தொடர்புடையோர் அனைவரையும் தேடிக் கண்காணித்ததால், நோய் மேலும் பரவாமல் தடுக்கப்பட்டது. மலேசியாவில் மாதக்கணக்கில் மறைந்திருந்த கிருமி, அங்கு நாள்கணக்கில் பிடிபட்டது. நம் நாட்டு அனுபவம் உலகுக்கு அளித்த முன்னறிவும் அதற்கு ஒரு காரணம்.

வெள்ளம் வந்தால்?

கால்நடைகளுக்கும் பயிர்களுக்கும் வரும் பேரிடர் நோய் மட்டுமன்று. பேராக் மாநிலத்தில் வெள்ளமும் உண்டு. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கம்பாரை அடுத்த போஸ் டிப்பாங்கில் ஏற்பட்ட சேற்று வெள்ளம் ஓராங் அஸ்லி குடியிருப்பு ஒன்றை அழித்தது. 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பெருவெள்ளத்தில் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களோடு பேராக் மாநிலமும் பாதிக்கப்பட்டது. அவ்வெள்ளத்தில் நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர்.

பேரிடர்களைக் கையாளும் முறையை வகுத்து, 1997ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்பு மன்றம் தனது 20ஆம் எண் ஆணையை வெளியிட்டது. அதன்படி, பேரிடர் ஒரு மாவட்டத்திற்குள் அடங்குமாயின் மாவட்டக் குழு பொறுப்பேற்கும். பெரிதானால் மாநிலக் குழுவும், அதனினும் பெரிதானால் கூட்டரசுக் குழுவும் பொறுப்பேற்கும். 2015ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் நாள், இப்பணிகளை ஒருங்கிணைக்க நட்மா எனப்படும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் அமைக்கப்பட்டது.

வெள்ளத்தின்போது முதலில் காக்கப்பட வேண்டியது மனித உயிரே. ஆனால், விலங்குகளை மறந்துவிட்டு மனிதர்களை மட்டும் காப்பது நடைமுறையில் கடினம். 2005ஆம் ஆண்டு அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியின்போது, வளர்ப்புப் பிராணிகளை விட்டுப் பிரிய மனமின்றிப் பலர் வீட்டிலேயே தங்கி ஆபத்துக்குள்ளாயினர். அதன் பின்னரே, மக்களை வெளியேற்றும் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அந்நாடு 2006ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது.

நம் தோட்டப்புற மக்களுக்கு இது எளிதில் புரியும். இரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றுக்குக் கறவை மாடும் ஆடும் இரண்டாம் வருமானமாக விளங்கின. பால்மரம் வெட்டிய கூலி அன்றாடச் செலவுக்கு. பால் விற்ற காசு பிள்ளைகளின் படிப்புக்கு என்று வாழ்ந்தவர்கள் பலர். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின்னரும், எஞ்சிய நிலத்தில் மாடு வளர்ப்போர் இருக்கின்றனர். வெள்ள எச்சரிக்கை வரும்போது அத்தகைய ஒருவரைத் துயர் துடைப்பு மையத்திற்கு வருமாறு அழைத்தால், ‘மாட்டை எங்கே கட்டுவது?’ என்பதே அவரது முதல் கேள்வியாக இருக்கும். அக்கேள்விக்கு மாவட்டக் குழுவிடம் விடை இருந்தால் அவர் உடனே புறப்படுவார். விடை இல்லையென்றால் தயங்குவார். அத்தயக்கம் அவர் உயிருக்கே உலையாகலாம்.

எனவே, வெள்ளம் வருமுன்னரே சில பணிகள் முடிந்திருக்க வேண்டும். எந்த மேட்டு நிலத்தில் கால்நடைகளைச் சேர்ப்பது என்று முடிவு செய்திருக்க வேண்டும். யாரிடம் எத்தனை மாடு, ஆடு உள்ளன என்ற பதிவு கால்நடைத் துறையிடம் இருக்க வேண்டும். வைக்கோலுக்கும் தூய நீருக்கும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பல கூட்டத்து மாடுகள் ஓரிடத்தில் சேரும்போது கோமாரி போன்ற தொற்றுநோய் பரவக்கூடும் என்பதால், தடுப்பூசியும் முன்கூட்டியே போடப்பட்டிருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த பின் இறந்த விலங்குகளை முறைப்படி புதைப்பதும், எலிச்சிறுநீர் நோய் பரவாமல் காப்பதும் கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் கைகோத்துச் செய்ய வேண்டியவை.

பயிர்களுக்கு மேட்டு நிலம் காட்ட முடியாது. மூழ்கிய நெல்வயலை அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். மரப்பயிர் அவ்வாறன்று. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தமிழ்நாட்டின் காவிரிப் படுகையைத் தாக்கிய கஜா புயலில் எண்ணற்ற தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. புதிய கன்று காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அக்குடும்பங்கள் எதை நம்பி வாழும்? அதனால்தான் சேதத்தைக் கணக்கெடுப்பதும், உதவித்தொகையை விரைந்து அளிப்பதும், மாற்றுப் பயிருக்கு வழிகாட்டுவதும் மீட்புப் பணியின் பகுதிகளாகின்றன. படகுகள் திரும்பிய பின்னரும் விவசாயிக்குப் பேரிடர் தொடர்கிறது.

நம் பங்கு

ஒருங்கிணைப்பு என்பது அதிகாரிகளின் கூட்டத்தில் மட்டும் நிகழ்வதன்று. அதன் முதல் கண்ணி கொட்டகையில் இருக்கிறது. கால்நடைகள் வழக்கத்திற்கு மாறாக நோயுற்றாலோ இறந்தாலோ, அதனை மறைக்காமல் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் தெரிவிப்பது வளர்ப்பவரின் கடமை. நோயுற்ற விலங்கை விற்பதும் அதன் உடலை ஆற்றில் எறிவதும் பெருந்தீங்கு விளைவிக்கும். அனுமதியின்றிக் கால்நடைகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லக் கூடாது. அவ்வாறே, துணிந்து உண்மையைச் சொல்லும் வளர்ப்பாளருக்குத் தக்க இழப்பீடு கிடைக்கும் என்னும் நம்பிக்கையை அளிப்பது அரசாங்கத்தின் கடமை. நம்பிக்கை இல்லாத இடத்தில் செய்தி வராது. செய்தி வராத இடத்தில் எந்தச் செயற்குழுவாலும் பயனில்லை.

தொடக்கத்தில் கூறிய தும்பை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். தொற்றுநோய்க் காலத்தில் தும்பை விடக் கூடாது. கால்நடை நகர்ந்தால் நோயும் நகரும். வெள்ளக் காலத்திலோ தும்பை அவிழ்க்க மறக்கக் கூடாது. கட்டிய மாடு நின்ற இடத்திலேயே மூழ்கிவிடும். ஒரே கயிறுதான். எப்போது பிடிப்பது, எப்போது அவிழ்ப்பது என்பதைச் சரியான செய்தியே சொல்லும். அச்செய்தி மருத்துவமனையிலிருந்தும் பண்ணையிலிருந்தும் காட்டிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் வந்து ஒரே மேசையில் சேர வேண்டும். ஈப்போவின் அருகே தொடங்கி 105 உயிர்களைப் பறித்த நோய் நமக்குக் கற்பித்த பாடம் இது.

அருஞ்சொற்பொருள்

தும்பு – மாட்டைக் கட்டும் கயிறு
கலயம் – சிறிய மண்பானை
எச்சம் – பறவை, வௌவால் முதலியவற்றின் கழிவு
கோமாரி – மாடு, ஆடு முதலியவற்றின் வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் தொற்றுநோய்
இழப்பீடு – நேர்ந்த இழப்புக்கு ஈடாக வழங்கப்படும் தொகை
உலை – இங்கு, கேடு அல்லது அழிவு

கருத்துணர் கேள்விகள்

1. நிப்பா நோயைத் தொடக்கத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதியதற்கான காரணங்கள் யாவை?
2. அக்கருத்து தவறாக இருக்கலாம் என்பதை உணர்த்திய குறிப்புகள் நான்கனை எழுதுக.
3. நோய் கண்ட பகுதியிலிருந்து பண்ணையாளர்கள் பன்றிகளை விற்றதற்கான காரணங்களை விளக்குக. அவர்களை அவ்வாறு செய்யாமல் தடுத்திருக்கக்கூடிய நடவடிக்கைகள் யாவை?
4. “தொற்றுநோய்க் காலத்தில் தும்பை விடக் கூடாது, வெள்ளக் காலத்தில் தும்பை அவிழ்க்க மறக்கக் கூடாது.” இக்கூற்றின் பொருளை உம் சொந்த நடையில் எழுதுக.
5. உமது வட்டாரத்தில் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது என்று கொள்க. கால்நடை வளர்ப்போருக்கு உதவ மாவட்டக் குழு செய்ய வேண்டிய ஏற்பாடுகளைக் குழுவாகக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.